பக்கம் திறந்தே இருக்கட்டும்

"பிள்ளை, சேர்வரை மாத்து. ஆனா வேலை ஒரு நிமிசமும் நிக்கக் கூடாது."

சாவகச்சேரியில் அச்சகம் நடத்தும் நேசன் அண்ணை போன கிழமை எனக்கு இட்ட கட்டளை இது. எப்படி இருக்கிறது கதை? வீடும் மாற வேண்டும், அடுப்பிலிருந்து உலையும் இறங்கக் கூடாது!

கொம்பியூட்டர்களோடு மாரடிப்பதுதான் என் பிழைப்பு என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் அச்சகத்தைப் பூட்டினால் குடியா முழுகிவிடும் என்று கேட்டேன்.

"ஆரின்ரையோ முப்பத்தொண்டு எப்பவும் நாளைக்கு நிக்கும். அந்தியேட்டியைத் தள்ளிப்போடச் சொல்லுவியோ?"

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. இறந்தவரின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு வருபவர்களுக்கு நாங்கள் ஒரு நினைவுப் புத்தகம் கொடுப்போம். கல்வெட்டு என்று பெயர். படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிறகு — முக்கியமாக — உறவுகளின் பெயர்கள். ஒரு பெயர் விடுபட்டால் போச்சு, ஒரு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இல்லை. நேசன் அண்ணைக்குச் சோறு போடுவது இந்தக் கல்வெட்டுகள்தான்.

அவற்றின் ஃபைல்களெல்லாம் இருந்த பழைய சேர்வர் கொம்பியூட்டர் கரகரவென்று அரைக்கத் தொடங்கியிருந்தது. எந்த நேரமும் நின்றுவிடலாம். பக்கத்திலேயே புதியதை வைத்தேன். ஆட்கள் பாட்டுக்கு வேலை செய்ய, பின்னால் எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். அதற்குள் அவர்கள் மாற்றியவற்றை மறுபடி எடுத்தேன்... மறுபடியும். கடைசியில் மிஞ்சியது ஒரே வேலை — பழைய சேர்வரின் பெயரைப் புதியதற்குக் கொடுப்பது. கெதியாக, கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் ஒரு ஃபைலும் திறந்திருக்கக் கூடாது.

ஒன்று திறந்திருந்தது.

பக்கம் அமைக்கும் றஜனியின் மேசையில். அவளருகே ஒரு அம்மா, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கணவரின் கல்வெட்டு. 'பிள்ளைகள்' என்ற இடத்தில் இரண்டு மகன்மாரின் பெயர்கள்.

"என்னம்மா, சரியோ? அச்சுக்கு விடட்டோ?" என்றாள் றஜனி.

அம்மா திரைக்கு இன்னும் கிட்டக் குனிந்தார்.

நேசன் அண்ணை என்னை ஒதுக்குப்புறமாக இழுத்தார். "ஒரு மகளும் இருக்கிறா. தன்ரை விருப்பத்துக்குக் கலியாணம் முடிச்சவ. மனிசன் கடைசி வரைக்கும் அந்தப் பிள்ளையின்ரை பேரை வீட்டிலை எடுக்க விடேல்லை." பிறகு சேர்வரைக் காட்டினார். "உது கத்துற கத்தலைப் பார். உந்த ஒரு ஃபைலை மூடிப்போட்டு அலுவலை முடி."

மூடலாம்தான். மூடி, மாற்றி, திரும்பத் திறக்கக் கொஞ்ச நேரம் போதும்... ஆனால் றஜனி எழுந்து வந்து காதுக்குள் சொன்னாள்:

"அக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்செண்டு அவ முதலே எழும்பிட்டா. அந்தப் பக்கத்தைப் பாத்துத்தான் திரும்பக் கதிரையிலை இருந்தவ. பக்கம் மறைஞ்சுதெண்டா ஆளும் போயிடுவா."

"அண்ணை, நான் மூட மாட்டன்" என்றேன்.

"டிஸ்க் செத்துப்போச்செண்டா?"

"மற்றதெல்லாம் புதுசுக்குப் போயிட்டுது. இது ஒண்டுதான். நான் காவல் இருக்கிறன்."

"உனக்கென்ன விசரோ?"

இருக்கட்டுமே! வேலை நிற்கக் கூடாது என்று சொன்னவர் அவர்தானே? எங்கள் தொழிலில், கொம்பியூட்டரைப் பயன்படுத்தும் 'பாவனையாளர்' என்றால் கீபோர்ட்டுக்கு முன்னால் இருப்பவர் என்றே நினைத்துக்கொள்கிறோம். அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பவரை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? அந்த அறையில் அப்போது நடந்துகொண்டிருந்த பெரிய வேலை அந்த அம்மாவின் யோசனைதான். அதை நிறுத்த நான் யார்?

கதிரையை இழுத்துப் போட்டுச் சேர்வருக்கு முன்னால் குந்திவிட்டேன். அது கரகரத்தது. அண்ணை என் முகத்தைப் பார்க்காமல் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

கடைசியில் அந்த அம்மா வாய் திறந்தார்.

"யாழினி எண்டு போடு பிள்ளை."

றஜனி தட்டினாள். சேமித்தாள். மூடினாள். அவள் திரும்பி என்னைப் பார்ப்பதற்குள் நான் அதையும் நகல் எடுத்து, பெயரை மாற்றி முடித்திருந்தேன். பழைய சேர்வரை நிறுத்தியதும் அறையில் ஒரு சத்தமும் இல்லை.

"அதை இன்னொருக்காக் காட்டன், பிள்ளை" என்றார் அம்மா.

றஜனி திறந்தாள். புதிய சேர்வரிலிருந்து சட்டென்று வந்தது பக்கம். இரண்டு மகன்மாரின் பெயர்களுக்குக் கீழே, யாழினி.

அம்மாவின் கண் கலங்கியிருந்தது. ஆனால் கறாராகத்தான் சொன்னார்.

"கீழை இல்லை. மேலை போடு. அவதான் என்ரை மூத்தவ."

புதிய சேர்வர் பார்த்த முதல் வேலை அதுதான்.