ஃபேமிலி கம்ப்ளீட்டா?

போன வாரம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஏழுமலையைப் பார்த்தேன். திருப்புலிவனத்துக்காரர், நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர். கல்யாணமான மறு வருஷமே கழுத்தில் கட்டி... கேன்சர். கீமோ எல்லாம் முடிந்து, இப்போது தலையில் முடி கூட முளைத்துவிட்டது. பக்கத்தில் மனைவி செல்வி.

"நல்லாயிட்டீங்களே தம்பி!" என்றேன் குஷியாக.

"நல்லாத்தான் சார் கீறேன்..." என்று இழுத்தார். செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விஷயம் இதுதான். அன்று காலைதான் டெஸ்ட் ரிசல்ட் வந்திருக்கிறது. விந்தணு இல்லை. கீமோ மருந்து சில பேருக்கு அதையும் சேர்த்து அழித்துவிடுமாம். திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார்களாம். மருந்து ஏற்றும் முன்பே கொஞ்சம் எடுத்து உறைய வைத்திருக்கலாம். அதற்குச் சென்னைக்கு பஸ் ஏறியிருந்தால் போதும். இதை இவர்களிடம் யாருமே சொல்லவில்லையா?

"கேட்டாராம் சார்!" செல்வி வெடித்தார். "இன்னிக்கு டாக்டரே சொல்றாரு, 'அன்னிக்கே கேட்டேனேம்மா, ஃபேமிலி கம்ப்ளீட்டான்னு...' அப்டின்னு."

கேட்டது நிஜம். ஏழுமலை சொன்ன பதிலும் நிஜம்.

"கம்ப்ளீட் சார். அம்மா, நைனா, எங்க வூட்டுக்காரி... எல்லாரும் வெளிய உக்காந்துகினு கீறாங்க!"

சிரிப்பு வருகிறதா? எனக்கும் ஒரு நொடி வந்தது. அடுத்த நொடி பற்றிக்கொண்டு வந்தது. 'பிள்ளை பெற்று முடித்தாயிற்றா' என்பதை ஆஸ்பத்திரி பாஷையில் அப்படித்தான் கேட்பார்களாம். இத்தனைக்கும் அந்த டாக்டர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்தான்!

கூட்டம், ஆள் பற்றாக்குறை, மூச்சுவிட நேரமில்லை — எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். உறைய வைக்கும் மெஷினுக்கு நம் ஊரில் வசதி இல்லை, சரி. வாயைத் திறந்து புரிகிற மாதிரி கேட்பதற்குமா வசதி இல்லை? வந்தவர் கார் சாவியோடு வந்திருந்தால் உட்கார வைத்து, படம் போட்டு விளக்கியிருக்க மாட்டார்களா? கூலிக்காரன் உயிர் பிழைத்ததே பெரிசு, அவனுக்குப் பிள்ளை ஆசை வேறு எதற்கு என்ற நினைப்புதானே?

பஸ் வந்தது. படியில் கால் வைத்த செல்வி திரும்பிச் சொன்னார்: "வூட்ல கீற நாலு பேரைத்தான் சார் இவரு சொன்னாரு. அவரு அஞ்சாவது ஆளைக் கேட்டாருன்னு எங்களுக்கு இன்னா தெரியும்?"

'குழந்தை வேணுமாப்பா?' — இரண்டே வார்த்தை, டாக்டர். எல்.கே.ஜி. தமிழ்தான்!