தடை ஒன்றுமில்லை என்று சொன்ன பத்து நாட்கள்

இதை எழுதலாமா என்று மூன்று நான்கு வருடமாக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் கம்ப்யூட்டர் வேலையைப் பற்றி எழுதினால் சிரிப்பார்களே என்று கூச்சம். வீட்டுக்காரரின் கஷ்டத்தை வெளியே சொன்னதாகிவிடுமே என்று பயமும் இருந்தது. அவரே எழுதச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன்.

அவர் சிதம்பரத்தில் எங்கள் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறார். ஆபீஸ் கடலூரில், மஞ்சக்குப்பத்தில். தினமும் காலை ஒன்பதரைக்கு டீமில் உள்ள ஆறு பேரும் லேப்டாப்பில் கூடுவார்கள். நேற்று என்ன முடித்தீர்கள், இன்று என்ன செய்யப்போகிறீர்கள், தடை ஏதாவது உண்டா என்று டீம் லீடர் வரிசையாகக் கேட்பார். மூன்றாவது கேள்விக்கு எல்லோருக்கும் ஒரே பதில்தான், "ஒன்னுமில்ல." பூஜை செய்துகொண்டே கேட்டுக் கேட்டு எனக்கு அது நாமாவளி போல மனப்பாடம் ஆகியிருந்தது.

அந்த மாதம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஓர் ஆஸ்பத்திரிக்காகச் செய்துகொண்டிருந்த புரோகிராமைச் சோதித்துப் பார்க்கும்போது, எப்போதாவது ஒரு நோயாளியின் மாத்திரை விவரம் இன்னொருவர் பக்கத்தில் வந்து நின்றதாம். ஏன் என்று அவருக்குப் பிடிபடவில்லை. வெளியே சொன்னால், வயதாகிவிட்டது, இவருக்கு இனி ஓடாது என்று நினைத்துவிடுவார்கள் என்று பயந்தார். வேலையை விட்டுவிடட்டுமா என்று ஒருநாள் இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டே என்னைக் கேட்டார். நடராஜரிடம் போய் அழுவதைத் தவிர எனக்கு என்ன தெரியும்.

பூஜை முடிந்ததும் அவருக்கு நான்தான் விபூதி வைத்துவிடுவேன். அன்று அவர் "ஒன்னுமில்ல" என்றது காதில் விழுந்தது. பிறகு சத்தமே இல்லை. கூட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்துத் தட்டோடு போனேன். அவரும் பழக்கத்தில் கண்ணை மூடித் தலையைக் குனிந்தார். மனசு தாங்காமல் கேட்டுவிட்டேன்.

"பத்து நாளா ஒன்னுமில்ல, ஒன்னுமில்லன்னே சொல்றீங்க. முடியலன்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க?"

நிமிர்ந்தால், லேப்டாப்பில் ஐந்து முகங்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. மைக்கை அவர் இன்னும் மூடவில்லை. தட்டைச் சட்டென்று பின்னால் இழுத்ததில் விபூதி கீபோர்டில் கொட்டியது.

அவர்களில் வயதில் சின்னவளான ஒரு பெண்தான் முதலில் பேசினாள்.

"அண்ணா, ஒரு வாரமா நானும் பொய்தான் சொல்றேன். எனக்கும் ஒரு எடத்துல நின்னுபோச்சு."

லீடர், "நாளைலேர்ந்து மூணாவது கேள்வியத்தான் மொதல்ல கேப்பேன். யாராவது ஒன்னுமில்லன்னு மழுப்புனா அண்ணிய கூப்பிட்டுடுவேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அதைப் பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது.

அன்று மத்தியானம் வரை அவரும் அந்தப் பெண்ணும் பேசிப் பேசியே தப்பைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பக்கத்தைத் திறந்தால் அப்படி ஆகிறதாம். இப்போதெல்லாம், முடித்த வேலையைக் கூட்டத்துக்கு முன்பே எழுதிப் போட்டுவிடுகிறார்கள். கூட்டத்தில் சிக்கலை மட்டும் சொல்கிறார்கள். உதவ முடிந்தவர் கூடவே இருக்க, மற்றவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். அவர் அதே வேலையில் இருக்கிறார். ஈஸ்வரன் புண்ணியம்.

உங்கள் வீட்டிலும் காலையில் இப்படிக் கூடிப் பேசுகிறவர்கள் இருந்தால் இதைச் சொல்லுங்கள். ஆனால் நான் புத்தி சொன்னதாக மாற்றிவிட வேண்டாம். யாரும் கேட்கவில்லை என்று நினைத்துப் பேசியவள் நான். எல்லோரும் கேட்கிறார்கள் என்று தெரிந்தே உண்மையைச் சொன்னவள் அந்தப் பெண். நடந்தது நடந்தபடியே போய்ச் சேரட்டும்.