செல்லக்கிளியின் வலது கால்

செல்லக்கிளி தாய் வயிற்றிலிருந்து கால் முன்னே வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவினால் சுளுக்கு விட்டுப்போகும் என்று திருச்சுழிப் பக்கம் சொல்வார்கள். அருப்புக்கோட்டைக்கு வாக்கப்பட்டு வந்த பிறகும் வாசலில் ஆள் வந்துகொண்டுதான் இருந்தது. சல்லிக்காசு வாங்க மாட்டாள், ஆனால் ஒருத்தரையும் லேசில் நம்பவும் மாட்டாள். "நெசமாவே வலிக்கா, வேலைக்குப் போக வலிக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் வலது காலைத் தூக்குவாள்.

கட்டின புருஷனை மட்டும் நம்பிவிடுவாளாக்கும்? ஜெயக்குமார் விசைத்தறி ஓட்டுகிறவர். நாளெல்லாம் அவர் கால் தறியில் நின்றால்தான் வீட்டில் உலை கொதிக்கும். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து விடிகாலையில் பந்தல்குடி ரோட்டில் ஓட ஆரம்பித்தார். கூட ஓடுகிறவர்கள் உசுப்பேற்றிவிட, மதுரை ஓட்டப் பந்தயத்துக்குப் பேரும் கொடுத்துவிட்டார். அப்புறம்தான் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கிறது என்றார்.

"ஓட்டத்த விட்டாச்சு புள்ள. ஆனாலும் தறியில நிக்க முடியல. கொஞ்சம் நீவி விடேன்."

விட்டவர் ஷூவில் ஈரக் கரிசல் மண் எப்படி ஒட்டும்? செல்லக்கிளிக்குச் சுருக்கென்றது. ஓட முடிகிற கால் தறியில் நிற்க மட்டும் மாட்டேன் என்கிறதா? அத்தனையும் நடிப்பு என்று முடிவு கட்டினாள். அவள் கால் படும் முன்னாலேயே அவர் பல்லைக் கடித்ததில் ஆத்திரம் இன்னும் கூடியது.

"ரொம்பத்தான் நடிக்கிறீக" என்று, அவர் நீட்டியிருந்த காலை ஓங்கி மிதித்தாள்.

மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அவர் முகம் வெளிறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார். "வலியோட ஓடி ஓடி எலும்புல மெல்லிசா விரிசல் விட்டிருக்கு. சும்மா இருந்திருந்தா தானா கூடியிருக்கும். முறிஞ்சது இப்பத்தான். எப்படி ஆச்சு?"

"ஓடயில பள்ளத்துல விழுந்துட்டேன் சார்" என்றார் ஜெயக்குமார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவர் பொய் ஒவ்வொன்றையும் பிடித்து உலுக்கியவள் அவள். இந்தப் பொய் அவளுக்காகச் சொன்னது என்று தெரிந்ததும் டாக்டர் முன்னால் வந்து நின்றாள்.

"இவுக சொல்றத நம்பாதீக சார்" என்றாள். "வலி பொய்யின்னு நெனச்சு நாந்தான் மிதிச்சேன்."

மாவுக்கட்டோடு அவரை ஆட்டோவில் கூட்டி வந்தபோது, பக்கத்துத் தெரு அருஞ்சுனை இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் காத்திருந்தாள். செல்லக்கிளி வலது காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"டாக்டர்ட்டப் போ தாயி. இந்தக் கால நம்பாத."