இடப்பக்கம் என் பொறுப்பு

வசந்தகுமாரி யாரையும் நம்பமாட்டாள். பாலாநகரில் ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸில் இருபத்தாறு வருஷ வேலை. சீல் வைத்து வரும் பெட்டியைக்கூடப் பிரித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவாள். ரோட்டில் இன்னும் மோசம். பச்சை விழுந்தாலும் கிளம்பமாட்டாள். பின்னால் ஹார்ன் அடிப்பவனை முறைப்பாள். இண்டிகேட்டர் போட்ட ஆட்டோ திரும்பாது, போடாததுதான் திரும்பும் என்பாள். பெரும்பாலும் அப்படியே நடந்து தொலைக்கும், அதுதான் எனக்கு எரிச்சல்.

என்ன செய்ய, எனக்கு வண்டி ஓட்ட வராது. புருஷன் என்று பேர், அவளுடைய ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்துதான் ஆபீஸ் போகிறேன்.

எங்கள் தெரு மெயின் ரோட்டில் ஏறும் இடத்தில் சட்டப்படி வலப்பக்கம் பார்த்தால் போதும். ஆனால் யூ-டர்ன் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் பாதி ஊர் ராங் சைடில்தான் வரும். அப்படி வருகிறவர்கள் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஓரமாக வரவேண்டும் என்பது இந்தப் பக்கத்து எழுதாத சட்டம். வசந்தா அதையும் நம்பவில்லை. வலப்பக்கம் அவள் பார்ப்பாள், இடப்பக்கம் நான்.

"இடது?" என்பாள். "காலி" என்பேன். கிளம்புவோம்.

போன மாதம் ஒரு காலை, டிபன் டப்பாவை மறந்ததற்கு என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனை நோண்டியபடி உட்கார்ந்திருந்தேன். "இடது?" என்றாள். "காலி" என்றேன். நான் பார்க்கவே இல்லை.

ஆட்டோ ஹெட்லைட்டோடு ஓரமாகத்தான் வந்திருக்கிறது. ஸ்கூட்டியின் இடப்பக்கத்தில் மோதியது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவளுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. லைட் போட்டுத்தானே வந்தேன் என்று ஆட்டோக்காரர் ஹிந்தியில் புலம்பினார். வசந்தா அவரைத் திட்டவில்லை. என்னையே பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள். "பாத்துட்டுத்தான் சொன்னீங்களா?"

"பாத்தேன் வசந்தா. திடீர்னு வந்துட்டான்."

"லைட் போட்டிருந்தானே."

"வெயில்ல தெரியல." வெட்கங்கெட்ட வாய், சரளமாகப் பொய் சொன்னது.

"உங்க போனைக் குடுங்க."

நான் கொடுக்கவில்லை. பயமாக இருந்தது.

"இத்தனை வருஷத்துல ரோட்டுல ஒருத்தரையும் நம்பினதில்ல," என்றாள். "இடது பக்கம் மட்டும் ஒரு நாளும் திரும்பிப் பாத்ததில்ல. நீங்க இருக்கீங்களேன்னு விட்டுட்டேன்."

நர்ஸ் வந்து எந்த மாத்திரை எப்போது என்று எனக்கு விளக்கினாள். நான் தலையாட்டினேன். வசந்தா என் கையிலிருந்த மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு, நர்ஸிடம் முதலிலிருந்து மறுபடி கேட்டாள்.