வரத்துக்காலில் தட்டிய நாலு லோடு

மல்லாங்கிணற்றுக்கு ரோடு பிரிகிற விலக்கைத் தாண்டியபோது மழை விட்டிருந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு விருதுநகரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். ஊர்த் தெரு வழியாக வராமல் காட்டுக்குள் இறங்கிக் குறுக்கே வந்ததில் காலெல்லாம் கரிசல் அப்பியிருந்தது. பையில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு போர்வை. நான் கிளம்பியது அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. யாரும் என்னை விரட்டவில்லை. விரட்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் லேசாக நடந்திருப்பேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். அந்த ஊரில் ஆறு மாதம் இருந்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஊர் ஊராகத் திரிந்தவனுக்கு ஓரிடத்தில் ஆறு மாதம் என்பதே அதிகம். பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் பழைய அறைகளை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இடிக்கிற ஆட்களில் நானும் ஒருவன்.

ஒரு கட்டடம் விழுந்தால் அதன் பெரும்பகுதிக்கு ஆள் வந்துவிடும். கதவு நிலைக்கு ஒருவர், கம்பிக்கு ஒருவர், முழுச் செங்கல்லுக்கு ஒருவர். மிஞ்சுகிற உடைசலையும் காரையையும் ரப்பீஸ் என்போம். புது வீடு கட்டுகிறவர்கள் பள்ளம் மேவ அதையும் கேட்டு வாங்கிப்போவார்கள். மருந்து ரூம் ரப்பீஸை மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். வெடிமருந்து கலக்குகிற அறை அது. வருஷக்கணக்கில் அலுமினியப் பொடி ஏறி, சுவரே வெள்ளி பூசினதுபோல் இருக்கும். இரண்டு நாள் தண்ணீர் அடித்து ஊறவைத்த பிறகுதான் இடித்தோம். டிராக்டரில் ஏற்றி, கைவிட்ட கல்குவாரிக் குழி ஒன்றில் கொண்டுபோய்த் தட்டச் சொல்லியிருந்தார் போர்மேன். குழிக்கு அடியிலும் தண்ணீர் ஓடும் என்று அவர் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

நான் தங்கியிருந்தது ஊர்க் கடைசியில் ஓர் ஓட்டுச் சாய்ப்பில். பக்கத்து வீட்டு அக்கா அதே கம்பெனியில் வெடிகளுக்குள் மருந்து செலுத்துகிற வேலை பார்த்தார். சாயங்காலம் கம்பெனி வேனில் வந்து இறங்கும்போது முழங்கை வரைக்கும் வெள்ளியாக இருக்கும். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்குப் போனவர்கள் அந்தக் கோலத்தில் ஊருணிக் கரை ஏறமாட்டார்கள். ரோட்டோரத்து அடிபம்பில், வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீரில், கையையும் காலையும் தேய்த்துக் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்ட பிறகுதான் குடத்தை எடுப்பார்கள். எவ்வளவு அசதியாக இருந்தாலும் அப்படித்தான். குடிப்பதற்கு ஊருக்கு இருந்தது அந்த ஒரு ஊருணி. மழை பொய்த்து, அதிலும் முழங்கால் அளவுதான் கிடந்தது. அதிலிருந்து அக்கா தினமும் எனக்கும் ஒரு குடம் ஊற்றினார்.

ஒருநாள் குடத்தை இறக்கிக்கொண்டே கேட்டார். "தம்பி, அந்த மருந்து ரூம் ரப்பீஸ எங்கன தட்டுறீக?"

"குவாரிக் குழியிலக்கா."

"தெக்க சீமைக்கருவேலம் அடஞ்சு ஒரு பள்ளம் கெடக்குல்ல, அது ஊருணிக்குத் தண்ணி வர்ற வரத்துக்கால். காஞ்சு கெடக்கேன்னு அங்கன தட்டிப்புடாதீக. டிரைவர்ட்டயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. வெளியூருக்காரன், அவனுக்கு என்ன தெரியும்."

"சொல்லிர்றேன்க்கா."

"நீங்க சொன்னாச் செய்வீக. உங்கள ஊருக்காரருன்னுதான் நெனச்சிருக்கோம். பொண்ணுதான் தரமாட்டோம்" என்று சிரித்தார்.

நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதலாம். அது பொய். மருந்து ரூம் வேலையின் கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. நாலு லோடு மிச்சம் இருந்தது. குவாரிப் பாதையில் டிராக்டர் ஊர்ந்துதான் போகும். நாலு நடை போய்வந்தால் இருட்டிவிடும். எனக்கு விருதுநகரில் மாலைக் காட்சி பார்க்க வேண்டும். ஊர் எல்லையில் டிரைவர் வண்டியை நிறுத்தி, பள்ளத்தைக் காட்டினான்.

"ஏலே, இங்கன தட்டிருவமா? யாரும் ஏதும் கேப்பாகளா?"

"ஒருத்தரும் கேக்கமாட்டாக. தட்டு" என்றேன்.

நாலு லோடும் அங்கேயே விழுந்தது. படம் நன்றாக இல்லை.

ஐப்பசியில் இரண்டு ராத்திரி விடாமல் மழை. மறுநாள் காலையில் ஊரே ஊருணிக் கரையில் நின்றது. நானும் போனேன். நிறைந்திருக்க வேண்டிய ஊருணி நிறையவில்லை. வந்த வெள்ளம் ரப்பீஸில் முட்டித் திரும்பி முள்ளுக்காட்டில் பாய்ந்து போய்விட்டது. ரப்பீஸுக்குள் கசிந்த தண்ணீர்தான் நூல் மாதிரி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. பழைய தண்ணீரின் மேலும் ஒரு பளபளப்பு மிதந்தது. வேனில் இறங்குகிற கைகளில் தினம் பார்க்கிற அதே வெள்ளி.

"எவன்லே தட்டுனது?" என்று ஒருவர் கத்தினார்.

"கம்பெனி டிராக்டருதான். வேற யாரு?"

டிரைவர் அதற்கு முன்பே காரியாபட்டிப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டான். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "அந்தத் தம்பிய ஏன் பாக்கீக? நான் இவர்ட்டச் சொன்னேன், இவரு டிரைவர்ட்டச் சொல்லிட்டாரு. அந்தப் பயதான் கேக்கல. என்ன தம்பி?"

நான் தலையாட்டினேன்.

அக்கா குனிந்து தண்ணீரில் கையை வைத்து எடுத்தார். உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கா தெனம் தேச்சுத் தேச்சுக் கழுவுனேன்" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

ஆண்கள் மண்வெட்டியோடு வரத்துக்காலுக்குப் போனார்கள். நானும் போய் வெட்டினேன். மற்றவர்களைவிட வேகமாகவே வெட்டினேன். அள்ளிய ரப்பீஸைக் கரையில்தான் குவித்தோம். அடுத்த மழையில் அது திரும்ப உள்ளே சரியும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. வேறு எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பது யாருக்கும் தெரியவில்லை. மதியம் அக்கா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து முதலில் எனக்குக் கொடுத்தார். அடிபம்புத் தண்ணீர். "இனிமே இதுதான் தம்பி. மூச்சப் பிடிச்சுக் குடிச்சிருங்க" என்றார். குடித்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாய்ப்புக்குப் போய்ப் பையை எடுத்தேன்.

அன்று விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். விடிந்ததும், கூலிக்கு ஆள் எடுக்கிற முக்கில் மற்றவர்களோடு போய் நின்றேன். வயிற்றில் ஒன்றும் இல்லை. ஒரு மேஸ்திரி டிராக்டரில் வந்து இறங்கினார்.

"பழைய வீடு ஒண்ணு இடிக்கோம். கடப்பாரை பிடிக்க ஆளு இருக்கு. ரப்பீஸ் தட்ட எடந்தான் இல்ல, டவுனுக்குள்ள எங்கன தட்டுனாலும் சண்டைக்கு வாராக. எடம் தெரிஞ்சவன் எவனும் இருக்கீகளாலே?"

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"எங்கன? மல்லாங்கிணறு பக்கமா?"

"அந்தப் பக்கம் வேண்டாம். வேற பக்கம் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு டிராக்டரில் ஏறி உட்கார்ந்தேன்.