அத்தைக்குச் சூடு ஏறவில்லை

பிளீச்சிங் பவுடர் மணம் எங்கே எழுந்தாலும் எனக்கு அத்தையின் கைகள் நினைவுக்கு வரும். கொச்சியில் மட்டாஞ்சேரி ஓடைகளை முப்பது வருடம் பெருக்கிய மாநகராட்சிக் கைகள். ஓய்வு பெற்ற பிறகு, தனியாளான என்னோடு இருந்தாள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. ஒரு மழைக்காலக் காலையில் சாயாவுக்குச் சர்க்கரை போட மறந்துவிட்டேன். தினமும் ஏதாவதொன்றுக்கு என்னோடு சண்டை பிடிக்கிற அத்தை, அன்று சண்டை பிடிக்காமல் குடித்து முடித்தாள். அதுதான் முதல் அறிகுறி. எனக்குப் புரியவில்லை. தளர்ந்து தெரிந்தாளே என்று தெர்மாமீட்டரை இரண்டு தரம் வைத்துப் பார்த்தேன். சூடில்லை. நிம்மதியாகக் களமசேரிக்கு வேலைக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் திரும்பியபோது என்னை "அண்ணே" என்று கூப்பிட்டாள். அவளுடைய அண்ணன், என் அப்பா, இறந்து பல வருடம் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நிமோனியா (நுரையீரலில் கிருமி தொற்றிச் சளி கட்டுவது).

"காய்ச்சலே இல்லையே டாக்டர்?"

"வயசானவங்களுக்குச் சூடு ஏறணும்னு இல்லை. தளர்ச்சி, குழப்பம், அதுதான் அவங்க காய்ச்சல். காலைலயே வந்திருக்கலாம்."

நான்கு நாள் ஆக்சிஜன். ஐந்தாம் நாள் கண் தெளிந்தவள், வார்டு மூலையில் கிடந்த குப்பையைப் பார்த்து முகம் சுளித்தாள்.

வயதானால் கிருமி ஏன் எளிதில் பிடிக்கிறது என்று டாக்டர் கட்டிலருகே நின்று விளக்கினார். தைமஸ் (மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள சுரப்பி, கிருமியை எதிர்க்கும் அணுக்களில் ஒரு வகை அங்கேதான் பழகி வெளிவருகிறது) வாலிபத்திலிருந்தே சுருங்கத் தொடங்குமாம். பழைய அணுக்களுக்குப் பழைய கிருமிகளைத் தெரியும். புதிதாக வருவதைப் பிடிக்கத்தான் ஆள் குறைவு.

"அப்ப எங்க கார்ப்பரேஷன்தான்," என்றாள் அத்தை. "ரிட்டயர் ஆனா பதிலாளு போட மாட்டான். இருக்கிறவளே ரெண்டு வார்டும் பெருக்கணும்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். நான் அவள் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்திருந்தேன். உள்ளே ஆள் குறைந்த ஒரு கூட்டம், தேய்ந்த துடைப்பங்களோடு, நுரையீரலைச் சந்து சந்தாகக் கூட்டிக்கொண்டிருந்தது. மருந்து துணைக்குப் போயிருந்தது. என்ன உடம்பு அது!

முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களே, தெர்மாமீட்டர் வையுங்கள். ஆனால் தினமும் நடக்கிற சண்டை ஒருநாள் நடக்காமல் போனால், உடனே கிளம்புங்கள்.

வீடு வந்தபின் வாசல்வரை நடக்க அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. பிறகு வைப்பின் தீவிலிருந்து அத்தையின் மகள் வந்து அழைத்துப் போனாள். படகுத்துறையில் நிற்கையில் என் கை தன்னால் என் நெஞ்செலும்புக்குப் போயிற்று. எனக்கு நாற்பத்தெட்டு. இங்கேயும் ஆட்கள் எப்போதோ குறையத் தொடங்கிவிட்டார்கள், நான்தான் கவனிக்கவில்லை.

"அன்னிக்குக் காலைலயே கூட்டிட்டுப் போயிருக்கணும் அத்தை."

"எடா, அது முடிஞ்சுது. இனி ஒனக்கு மேலுக்கு முடியலேனா பாக்க ஆளில்ல. அடுத்த வீட்டுச் சேச்சிகிட்ட சொல்லியிருக்கேன், காலைல உன் கதவு தொறக்கலேனா தட்டணும்னு. அவ தட்டினா தொறக்கணும், கேட்டியா?"