அப்பாவின் பெயருக்கு முன்னால்

அப்பா ஒஸ்லோவில் காலமான இரண்டாம் நாள், அங்கே ஹொல்ம்லியாவில் இருக்கும் எங்கள் வீட்டில் அண்ணாவும் நானும் மரண அறிவித்தல் எழுத உட்கார்ந்தோம். பெயருக்கு முன்னால் "வைத்தியர்" என்று போட்டேன். அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அண்ணாவுக்கு யோசிக்க இருந்தது. லில்லெஸ்ட்ரோமில் எங்களுக்குத் தூரத்து உறவினர் ஒருவர் இருக்கிறார். கொழும்பில் படித்து இங்கே டொக்டராக வேலை செய்பவர். துக்கம் விசாரிக்க எடுத்த தொலைபேசியிலேயே அண்ணாவுக்குப் புத்தியும் சொல்லியிருந்தார்.

"அவர் ஏ.எம்.பி. தானே, எம்.பி.பி.எஸ். இல்லையே. வைத்தியர் எண்டு போட்டால் நாலு சனம் சிரிக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏ.எம்.பி. என்றால் உதவி வைத்தியர். மேலே ஒரு வைத்தியர் இருந்தால் அல்லவா இவர் உதவி? சண்டைக் காலத்தில் எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். எங்கள் ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரியில் அப்பா மட்டும் நின்றார். பிள்ளைப்பேறு பார்த்தார், ஷெல் துண்டு எடுத்தார், தையல் போட்டார். சனம் அவரை டொக்டர் என்றது. வயதானவர்கள் பரியாரியார் என்றார்கள். கடிதம் போட்டவர்கள் வைத்தியர் ஐயா என்று எழுதினார்கள். நாக்கை நீட்டச் சொன்னபோது, "முதலில் சான்றிதழைக் காட்டுங்கோ" என்று எவரும் கேட்டதில்லை.

நோர்வேயில் வைத்தியரைக் குறிக்கும் "லேகெ" என்ற சொல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அனுமதி இல்லாதவர் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. அப்பா அதை மதித்தார். இங்கே யாராவது மருந்து கேட்டால், "உங்கடை லேகெயைக் கேளுங்கோ" என்றுவிடுவார். சரி, அது நியாயம். ஆனால் செத்த மனிதர் இனி யாருக்கு ஊசி போடப் போகிறார்?

"தமிழ் அறிவித்தலுக்கு நோர்வேச் சட்டம் என்னத்துக்கு?" என்று கத்தினேன்.

"கத்தாதை. அம்மா படுத்திருக்கிறா. மானம் போற வேலை எங்களுக்கு வேண்டாம்."

அண்ணா தானே ஒன்றைக் கண்டுபிடித்தும் வைத்திருந்தார்: "முன்னாள் சுகாதார ஊழியர்." கொசு மருந்து அடித்தவரும் அதுதான், ஆஸ்பத்திரி வாசலில் நின்றவரும் அதுதான். ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தேன். பிறகு களைத்துப்போய், "என்னத்தையாவது போடுங்கோ" என்றேன். அப்படிச் சொன்னதற்காக இன்றைக்கும் எனக்கு என் மேல் ஆத்திரம் தீரவில்லை.

அடுத்த நாள் இணையத்தில் வந்ததை அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். ஊரில் எல்லோருக்கும் அவர் டொக்டர் வீட்டு அம்மா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை வாசித்தார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் வாசித்தார்.

"படம் அவரின்ரைதான்," என்றார். "இது ஆரைப் பற்றி எழுதிக் கிடக்கு?"

அண்ணா என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் எழுதினனாங்கள், அம்மா" என்றேன்.